புதுப்பிப்பு: மகளின் ஜெர்மனி பரிமாற்றப் பயணம்

மாணவர் பரிமாற்றப் பயணத்துக்கு மகளின் பள்ளி கேட்கும் தொகை நியாயமா என்று முன்பு கேட்டிருந்தேன். செலவுக் கணக்கை இனவாரியாகக் கேட்டு வாங்கினேன். அதில் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணம் 90 யூரோ என்று இருந்தது. படிப்புக்காகச் செல்லும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணமே கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான். விதியை அச்செடுத்து நீட்டினேன். முதல்வர் கணக்காளரைப் பார்த்தார், கணக்காளர் மின்விசிறியைப் பார்த்தார். தொகையைக் கழித்துவிட்டார்கள்.

குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் பேரம் செல்லாது. 15 வயதுக்குட்பட்டவர்களின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கு மேல் செல்லாது என்பதால், திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் மிச்சமிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பரிமாற்றத்தில் ஜெர்மனியிலிருந்து வரும் பெண் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். சாம்பாரில் காரத்தைக் குறைக்க மாமியார் இன்னும் சம்மதிக்கவில்லை.