1952 ஸ்டாலின் குறிப்பு: ஓர் ஐயம்

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை வரலாற்று மாணவர்களுக்காகப் பனிப்போர் பற்றிய பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். ஜெர்மனிப் பகுதியில் தடைபட்டு நிற்கிறேன்.

1952 மார்ச் 10 அன்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்று அரசுகளுக்கும் சோவியத் அரசு அனுப்பிய குறிப்பு, பிளவுண்ட ஜெர்மனியை ஒன்றிணைத்து, எந்த இராணுவக் கூட்டணியிலும் சேராத, ஆனால் சொந்தப் படை வைத்துக்கொள்ளும் உரிமையுள்ள நாடாக்கலாம் என்று முன்மொழிந்தது. சுதந்திரமான தேர்தலுக்கு அங்கு வழியுண்டா என்பதை ஐ.நா. ஆணையம் முதலில் ஆராயட்டும் என்று மேற்கு நாடுகள் பதிலளித்தன. மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடனோவரும் அந்த முன்மொழிவை நம்பவில்லை. மே 27இல், மேற்கு ஜெர்மனியையும் சேர்த்துப் பொது ஐரோப்பியப் படை அமைப்பதற்கான ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தம் பாரிசில் கையெழுத்தானது. (1954இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே அதைக் கைவிட்டது வேறு கதை.)

இம்முன்மொழிவு உண்மையானதா, மேற்கு ஜெர்மனி படை திரட்டுவதைத் தாமதப்படுத்தும் உத்தி மட்டுமா? உத்தி என்றே நான் கருதுகிறேன். ஆனால், 1955 மே 15 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஆஸ்திரியாவிலிருந்து சோவியத் படைகள் வெளியேறியதும், அந்நாடு நடுநிலையை ஏற்றதும் என்னைத் தயங்கவைக்கின்றன. ஸ்டாலின் மறைந்து ஈராண்டுக்குப் பின் நடந்ததை அவருடைய நோக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா? சோவியத் ஆவணங்களைப் படித்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மேலும், ஆஸ்திரியாவின் நிலையை 'நடுநிலை' என்றும், நேரு வகுத்ததை 'அணிசேராமை' என்றும் பிரித்தெழுதுகிறேன். முன்னதற்கு இன்னும் துல்லியமான சொல் உண்டெனில் தெரிவியுங்கள்.