மேக்கில் இருந்து விண்டோஸுக்குப் பெரிய வீடியோ போகவில்லை

கேள்வி: புதுச்சேரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மேக்கில் முடித்த 9 ஜிபி ஃபைலைக் கடலூர் வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினிக்குக் கொடுக்க வேண்டும், பென் டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் ஃபைல் பெரிது என்று காப்பி ஆக மறுக்கிறது. ஏன்?

பதில் 1: டிரைவ் ஃபேட்32 (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஒரு பழைய முறை) ஆக இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. டிரைவை ஃபார்மேட் செய்து எக்ஸ்ஃபேட்டுக்கு (இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத முறை, மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும்) மாற்றுங்கள் நண்பரே. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பதில் 2: விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டாம், மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. அப்புறம் ஃபைல் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி இருந்தால் விண்டோஸ் ஏற்காது.

கேட்டவர்: எக்ஸ்ஃபேட் ஆக்கியதும் காப்பி ஆகிவிட்டது. ரொம்ப நன்றி!

பதில் 3: காப்பி முடிந்ததும் இஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள், எக்ஸ்ஃபேட்டில் அது ரொம்ப முக்கியம்.