பெரியவர்கள் முதன்முதலாக ஸ்கீ (பனிச்சறுக்கு) பழக டொராண்டோ பக்கம் எந்த மலை? போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஸ்டீல்ஸ்_கிழக்கு

அலுவலகத்திலிருந்து ஒரு கூட்டமாகப் போனோம், எல்லாருமே முப்பதைத் தாண்டியவர்கள், யாருக்கும் ஸ்கீ தெரியாது. மலையின் பெயர் வேண்டாம், வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. பாடம், வாடகைச் சாமான், கீழ்ச்சரிவு டிக்கெட் மூன்றும் சேர்ந்த பேக்கேஜ்தான் எடுத்தோம். மேஜிக் கார்ப்பெட் (நின்றபடியே மேலே ஏற்றும் ஓடுபட்டை) பக்கத்தில் நிறுத்தி பீட்சா போட, அதாவது ஸ்கீ முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து நிறுத்த, பழக்கினார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று தடவை வாய்த்திருக்கும், அதற்குள் அந்தப் பயிற்சியாளர் பையன், இருபது வயது இருந்தால் அதிகம், எல்லாரும் ரெடி என்று சொல்லி செயர் லிஃப்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் வகுப்பில் வெளியாள் ஒரு பெண்மணியும் இருந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும், யாரோடும் அதிகம் பேசவில்லை. உச்சியில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவர் பக்கத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த நாங்கள் எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறோம், மேலேயிருந்து தமிழில் குரல் கேட்கிறது: "நான் இறங்க மாட்டன், என்னை விடுங்கோ!" அதுவரை அவர் தமிழ் என்றே எனக்குத் தெரியாது. லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு அதே நாற்காலியிலேயே திருப்பிக் கீழே அனுப்பினார். ஆக, மேலே ஏறிக்கொண்டிருந்த எங்கள் ஒவ்வொருவரையும் அவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே கடந்து போனார். எனக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, கையுறையோடு ஒரு கும்பிடு போட்டேன். அவர் திரும்பிக் கும்பிடவில்லை.

அந்த முகம் மறக்க மாட்டேன் என்கிறது. பெரியவர்களை அவசரப்படுத்தாத இடம் எது? மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது.

வன்னிக்குளிர்

தம்பி, ஏர்ள் பேல்ஸுக்குப் போங்கோ. ரொறன்ரோ நகரசபை நடத்துகிறது, பாதர்ஸ்ட்டும் ஷெப்பர்டும் சந்திக்கிற இடத்தில் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, ரீரீசி (நகரப் போக்குவரத்து) பஸ்ஸிலேயே போய்விடலாம். மலை என்று சொல்ல ஏலாது, மேற்கு டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பக்கச் சரிவு, அவ்வளவுதான். நான் 52 வயதில் அங்கேதான் பழகினேன். மகள் பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டு வந்து "அப்பா நீங்கள் கரையில் நின்று படம் எடுக்கிற ஆள்" என்று சொன்ன கோபம்.

முதல் நாள் நான் நேரே வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன், நிற்பாட்டத் தெரியவில்லை. ஆறு வயது இருக்கும், ஒரு சீனப் பொடியன் எனக்குப் பக்கத்திலேயே சமமாக வந்துகொண்டு "பீட்சா சேர்! பிக் பீட்சா! பிக்கர் பீட்சா!" என்று கத்துகிறான். நான் காலை விரித்து விரித்து, வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அவன் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். வகுப்பில் படித்தது எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, அந்தப் பொடியனின் குரல்தான் இன்றைக்கும் காலுக்குள் நிற்கிறது.

பாடம் வேண்டுமென்றால் நகரசபையின் பொழுதுபோக்கு வகுப்புகளுக்குப் பதிவு திறக்கிற காலையிலேயே இருந்து எடுக்கவேண்டும். பிறகு பார்ப்போம் என்றால் இடம் இராது.

மில்டன்வாசி

ஏர்ள் பேல்ஸ் நல்ல இடம்தான் அண்ணா, ஆனால் ஒரே சாயங்காலத்தில் அலுத்துவிடும். லிஃப்ட்டில் ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் குறைவு. நான் க்ளென் ஈடன்தான் சொல்வேன், கெல்சோ பார்க்கில், 401 நெடுஞ்சாலையில் போகும்போதே சரிவு கண்ணில் படும். வேலை முடிந்து ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் போகலாம், கற்றுக்கொள்ளும் இடம் தனியாக இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. வேறொரு மலையில் என் ரூம்மேட்டுக்கு நடந்தது. வாடகை ஃபாரத்தில் எடை 82 என்று எழுதினான், கிலோ. கவுண்டரில் இருந்தவர் அதைப் பவுண்டாக எடுத்துக்கொண்டு பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது கழற்றிவிடும் பூட்டு) திருகிக் கொடுத்துவிட்டார். அதாவது 37 கிலோ இருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கான அழுத்தம். இவன் ஒவ்வொரு தடவை திரும்பப் பார்க்கும்போதும் டப் என்று ஒரு ஸ்கீ கழன்றுகொள்ளும், அது பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய் பிரேக் குத்தி நிற்கும், இவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் எடுத்து வருவான். பயிற்சியாளர் "காலை முறுக்காதே, இயல்பாக இரு" என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். மதியம் வரைக்கும் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான், கிட்டத்தட்ட அழுதுவிட்டான். நான் கடைக்குக் கூட்டிப் போய் ஸ்டிக்கரைக் காட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, திருப்புளியை எடுத்து இரண்டு திருகு, "குட் டு கோ".

அவன் அப்புறம் ஸ்கீ பக்கமே வரவில்லை. கழன்றதாவது பரவாயில்லை, பவுண்டைக் கிலோவாக எடுத்திருந்தால் விழும்போது கழலாமல் முட்டி போயிருக்கும்.

சுக்குக்காப்பி

மில்டன்வாசி சொன்னது ரொம்ப முக்கியம், ஆனால் "அலுத்துவிடும்" என்று ஏர்ள் பேல்ஸை ஒதுக்குவது சரியில்லை. முதல் நாள் அலுக்கும் அளவுக்கு யாரும் ஓட்டப் போவதில்லை. நான் பழகியது கிச்சனரில் சிக்கோப்பி, ஒரு குறையும் இல்லை, என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மலையைத் தேடுவதற்கு முன்னால் பூட்ஸைப் பாருங்கள். மெல்லிய, முழங்கால் வரை வரும் ஒரே ஒரு சாக்ஸ். குளிர் என்று இரண்டு போட்டால் கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும், ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பூட்ஸ் போட்டு நேராக நின்றால் விரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. பெரும்பாலான புதியவர்கள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொண்டு, கால் உள்ளே தளதளவென்று ஆட, ஸ்கீ திரும்பவில்லை என்று புலம்புகிறார்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் அவ்வளவுதான். ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும், எடுங்கள். கைத்தடி முதல் நாளில் வேண்டாம், கொடுத்தாலும் ஓரமாக வையுங்கள்.

அடுத்தது நாள். சனி, ஞாயிறு வேண்டாம், ஃபேமிலி டே வாரக்கடைசியும் மார்ச் பிரேக்கும் சுத்தமாக வேண்டாம், அந்த நாட்களில் கற்றுக்கொள்ளும் சரிவு முழுக்கக் குழந்தைகள். வார நாள் சாயங்காலம் போங்கள். ஆனால் பகலில் பூஜ்யத்துக்கு மேலே போய் ராத்திரி உறைந்த நாளென்றால் வேண்டாம், இங்கே நாம் ஓட்டுவது பாதிக்கு மேல் இயந்திரம் தூவிய பனி, அது இளகி மறுபடி உறைந்தால் கண்ணாடி. பீட்சா போட்டாலும் நிற்காது. இரண்டு நாள் முன்னால் தொடர்ந்து மைனஸ் ஐந்து, ஆறு இருந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 45 டாலர் பில் வரும், பிசியோதெரபி பெரும்பாலும் வேலை இடத்து பெனிஃபிட்டில்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை, தம்பியை ஸ்கீயில் ஏற்றுகிறவர்கள் அவர்களுடைய விசிட்டர் இன்ஷூரன்ஸில் ஸ்கீ சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், சிலவற்றில் சேராது. கியூபெக் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்று

(நீளமாகிவிட்டது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்)

ஏஜாக்ஸ்_அக்கா

முதலில் ஸ்டீல்ஸ் தம்பிக்கு. அந்த அக்கா இறங்காமல் போனதுதான் சரி. பயந்துகொண்டு இறங்கி, அந்தச் சின்னச் சரிவில் விழுந்து, பின்னால் வந்த நாற்காலி ஆட்கள் மேலே விழுந்து, அதெல்லாம் நடக்காமல் தப்பினீர்கள். அவரை நினைத்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை, அந்தப் பயிற்சியாளர் பையனுக்கு மேலதிகாரியாக இருந்த ஆளுக்கு ஒரு ஈமெயில் போட்டிருக்க வேண்டும்.

எங்களுக்குக் கிட்ட லேக்ரிட்ஜ், டாக்மர், கொஞ்சம் கிழக்கே பிரிமகோம்ப். மூன்றுமே ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலத்தில்தான். பிரிமகோம்ப் ஓஷாவா ஸ்கீ கிளப்புடையது, லாபத்துக்கு நடத்துவதில்லை. நானும் இரண்டு தோழிகளும் குழு வகுப்பு வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு தனி வகுப்பை எடுத்துக் காசைப் பகிர்ந்துகொண்டோம். எங்களுக்கு வந்தவர் தலை நரைத்த ஒரு அம்மா. வந்ததும் ஸ்கீயை மாட்டச் சொல்லவில்லை, "விழுங்கள்" என்றார். வெறும் பூட்ஸோடு பனியில் பக்கவாட்டில் விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, பிறகு ஒற்றை ஸ்கீயோடு, பிறகு இரண்டோடு. பக்கத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் கிடந்து அவர்களைவிடச் சத்தமாகச் சிரிக்கிறோம். நாற்பது வயதில் என் உடம்புக்கு விழுவதுதான் பெரிய பயம், அதை முதலே தீர்த்துவிட்டார்.

ஆகவே "எந்த மலை" என்று கேட்காதீர்கள். போன் எடுத்து, பெரியவர்களை மட்டும் சேர்த்து வகுப்பு நடத்துகிறீர்களா, எப்போது செயர் லிஃப்ட்டில் ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் போனை வைத்துவிடுங்கள்.

கோவைக்குசும்பு

எல்லாரும் சின்ன மலை சின்ன மலை என்கிறீர்கள். நான் நேராக ப்ளூ மவுன்டன் போய்த்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு மணி நேர டிரைவ், ஒத்துக்கொள்கிறேன், விலையும் அதிகம். ஆனால் குடும்பமாகப் போகிறவர்கள் கணக்கு வேறு. என் மாமியார் கோவையிலிருந்து வந்திருந்தார், மனைவிக்கு ஸ்கீயில் ஆர்வம் இல்லை. சின்ன மலையில் இவர்களை எங்கே உட்கார வைப்பது, கேன்டீன் மேஜையிலா? ப்ளூவில் அடிவாரத்திலேயே ஒரு கிராமம் மாதிரி கட்டிவைத்திருக்கிறார்கள், கடை கடையாகச் சுற்றினார்கள். நான் வகுப்பு முடிந்து தொப்பலாக வந்தால், மாமியார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாட் சாக்லேட்டோடு உட்கார்ந்து என்னைக் காட்டிப் பக்கத்து மேஜைக்காரரிடம் ஏதோ சொல்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது, அந்த ஆளுக்குத் தமிழ் வராது, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறார்.

வன்னிக்குளிர்

கோவைத் தம்பி, உங்கள் மாமி சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. சரிவுப் பலகையில் பச்சை வட்டம், அதாவது சுலபம், என்று போட்டிருந்தால் எல்லா மலையிலும் ஒரே சரிவு என்று நினைக்கவேண்டாம். பச்சை, நீலச் சதுரம், கறுப்பு வைரம் எல்லாம் அந்தந்த மலைக்குள்ளே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் போடுவது. ஏர்ள் பேல்ஸில் நான் முழு மலையும் ஓடிவிட்டேன் என்ற திமிரோடு ப்ளூவின் உச்சிக்குப் போனேன், அங்கே கிட்டத்தட்ட 220 மீட்டர் இறக்கம், பச்சைதான், ஆனால் முடியவே முடியாது, பாதியில் தொடை இரண்டும் நடுங்கத் தொடங்கிவிட்டது. மேற்கே இருக்கிற விஸ்லர் மலை என்றால் 1,500 மீட்டருக்கும் மேலே என்கிறார்கள், நினைக்கவே கால் வலிக்கிறது.

பேரிவழி

தூரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. கூகுள் மேப்ஸ் ஒரு மணி நேரம் என்று காட்டுவதை நம்பாதீர்கள். நாங்கள் ஸ்நோ வேலி போய்விட்டு 400 நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். மலையில் வானம் வெறிச்சென்று இருந்தது. பேரி நகரத்தைத் தாண்டவில்லை, ஜார்ஜியன் பே பக்கமிருந்து அந்தப் பனிப்பட்டை வந்து விழுந்தது பாருங்கள், முன்னால் போன லாரியின் பின்விளக்கு ஒரு கணம் இருந்தது, அடுத்த கணம் இல்லை. நான் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்றே தெரியவில்லை, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான், நிஜமாகவே கேட்டான். தொடை வேறு ஓய்ந்துபோய் பிரேக்கில் கால் நிற்கவில்லை.

ஏரி மேலிருந்து வரும் இந்தப் பட்டை ஒடுக்கமானது, ஒரு ஊரில் வெயில், அடுத்த எக்ஸிட்டில் ஒன்றும் தெரியாது. ஹார்ஸ்ஷூ, மவுன்ட் செயின்ட் லூயி, ஸ்நோ வேலி எல்லாமே நல்ல மலைகள், ஆனால் எல்லாமே அந்த வழிதான். கியூபெக் மாதிரி இங்கே விண்டர் டயர் கட்டாயம் இல்லை என்பதால் நிறையப் பேர் ஆல் சீசன் டயரில்தான் வருகிறார்கள். மார்க்கத்திலிருந்து என்றால் நான் கிழக்கே அனுப்புவேன். ஏஜாக்ஸ் அக்கா சொன்ன மூன்றில் ஒன்று.

மில்டன்வாசி

அப்போ 401 மட்டும் பூந்தோட்டமா?

பேரிவழி

401இல் டிராஃபிக்கில் நிற்பீர்கள், பள்ளத்தில் கிடக்க மாட்டீர்கள்.

ஸ்டீல்ஸ்_கிழக்கு

அக்கா சொன்ன மாதிரி இரண்டு இடத்துக்கு போன் போட்டேன். ஒரு இடத்தில் "அது இன்ஸ்ட்ரக்டர் விருப்பம்" என்றார்கள், வைத்துவிட்டேன். இன்னொரு இடத்தில் கார்ப்பெட்டில் ஏறி இறங்கி, இரண்டு பக்கமும் திரும்பி, சொன்ன இடத்தில் நிறுத்திக் காட்டினால்தான் செயர் லிஃப்ட், இல்லாவிட்டால் முதல் நாள் முழுக்கக் கீழேதான் என்றார்கள். அங்கேயே வியாழன் சாயங்காலம் பதிவு செய்திருக்கிறேன், இந்தத் தடவை நான்கு பேர்தான் வருகிறார்கள். காரில் ஒரு இடம் இருக்கிறது, கென்னடி–ஸ்டீல்ஸ் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எடையைப் பவுண்டில் தெரிந்து வைத்துக்கொண்டு வரவும்.

சுக்குக்காப்பி

வானிலையில் வியாழன் மதியம் பிளஸ் மூன்று போட்டிருக்கிறான். செவ்வாய்க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.