அம்மாவின் மருத்துவ அறிக்கைகள்: யாருக்கு எதை, எப்படி அனுப்புவது?

நடுப்பிள்ளை எழுதியது:

அம்மாவுக்கு வயது 74. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரண்டும் சேர்ந்து கொண்டுவந்த சிறுநீரகத் தளர்ச்சி. மூன்று மருத்துவர்களிடம் பார்க்கிறோம். மூவரும் வெவ்வேறு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். உடனிருந்து பார்த்துக்கொள்வது நான். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு நாட்டில்.

எல்லாம் கணினிமயம் ஆகிவிட்டது, இனிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றார்கள். இப்போது என்னிடம் இருப்பவை இவை: வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டுப் படங்கள், கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்கள், ஒரு மருத்துவமனையின் செயலிக்குள் மட்டும் திறக்கும் அறிக்கைகள், சிடி ஸ்கேன் அடங்கிய ஒரு குறுந்தகடு. அதைச் செருகிப் பார்க்க வீட்டுக் கணினியில் வழியே இல்லை. ஓரிடத்தில் அம்மாவின் பெயர் முன்னெழுத்தோடு இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லாமல். மூன்றாவது இடத்தில் பிறந்த நாள் ஜனவரி 1. யாரோ ஆண்டை மட்டும் கேட்டு, மற்றதை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

போன வாரம் அண்ணன் நள்ளிரவில் அழைத்தான். "கிரியாட்டினின் 1.4 இருந்தது 124 ஆகியிருக்கிறது, ஏன் என்னிடம் மறைத்தாய்?" என்று ஒரே கத்தல். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அது. அம்மா அப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆய்வகம் மாறியதால் அலகும் மாறியிருக்கிறது என்பதை மறுநாள் மருத்துவர் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டான். நான் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு கதை.

இவற்றையெல்லாம் எப்படி ஒழுங்குபடுத்துவது? உடன்பிறந்தவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் எப்படிக் கொடுப்பது? அண்ணன் மகன், "பெயரை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றுங்கள் அத்தை, அதுவே சுருக்கிக் கொடுத்துவிடும்" என்கிறான். செய்யலாமா?

நிரலெழுதி எழுதியது:

மருத்துவமனை மென்பொருள் எழுதுவது என் தொழில். ஆகவே உங்கள் வசவில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

உங்கள் அண்ணனின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1.4 என்பது ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 124 என்பது ஒரு லிட்டருக்கு மைக்ரோமோல். முதல் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடும். அதாவது ஒன்றுமே மாறவில்லை. இரத்தச் சர்க்கரைக்கும் இதே தொல்லை உண்டு. அதில் மில்லிகிராம் எண்ணை ஏறத்தாழ 18 ஆல் வகுத்தால் மில்லிமோல் எண் வரும். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 7 சதவீதம் என்று ஒரு நாட்டில் வந்தால், இன்னொரு நாட்டில் அதையே 53 என்று அச்சிடுவார்கள். அலகில்லாத எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கணினிகள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்றால், நெறிகள் இல்லாமல் இல்லை. மருத்துவமனைக் கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையை வகுக்கும் எச்எல்7 என்ற அமைப்பு 1987 இலேயே தொடங்கிவிட்டது. இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் அதன் 'ஃபயர்' என்ற தரத்தைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் உறை ஒன்றாக இருந்தால் போதாதே, உள்ளே இருக்கும் பெயர்களும் ஒத்துப்போக வேண்டும். ஒரே பரிசோதனைக்கு ஒவ்வோர் ஆய்வகமும் தனக்குத் தோன்றிய சுருக்கெழுத்தை வைத்துக்கொள்கிறது. இதைத் தீர்க்கத்தான் 'லாயின்க்' குறியீடுகள் வந்தன. மில்லிகிராமில் அளந்த கிரியாட்டினினுக்கு 2160-0, மோலில் அளந்ததற்கு 14682-9 என்று தனித்தனி எண்கள் அதில் உண்டு. அறிக்கையோடு அந்தக் குறியீடும் சேர்ந்து வந்திருந்தால், மென்பொருளே அலகை மாற்றி இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டியிருக்க முடியும், உங்கள் அண்ணனும் தூங்கியிருப்பார். பிடிஎஃப்பில் அது வராது. பிடிஎஃப் என்பது மனிதர் படிப்பதற்கான பக்கம். கணினிக்கு அதில் அதிகம் கிடைக்காது.

பிறந்த நாளை மட்டும் இன்றே திருத்தச் சொல்லுங்கள். ஒருவருடைய பதிவுகளைக் கணினி இணைப்பதே பெயர், பிறந்த நாள், பாலினம் போன்றவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான். தவறான பிறந்த நாள் இருந்தால் அங்கே இரண்டு அம்மாக்கள் உருவாகிவிடுவார்கள்.

பதிவறைவாசி எழுதியது:

அம்மா நடுப்பிள்ளை, நான் மருத்துவமனைப் பதிவறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தூசியிலும் வாழ்ந்தேன், கணினியிலும் வாழ்ந்தேன். தூசிக் காலத்தில் கோப்பு தொலைந்துபோகும். இப்போது எதுவும் தொலைவதில்லை. ஆனால் கேட்ட நேரத்தில் கைக்கு வருவதும் இல்லை.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்ப நினைப்பதில்தான் பாதிச் சிக்கல். நாற்பது பிடிஎஃப்களை மருத்துவர் முன்னால் நீட்டினால் அவர் கடைசி ஒன்றைத்தான் திறப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே வரிசை நிற்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டு: யாருக்கும் அனுப்பாத ஒரு முழுப் பெட்டகம், அனுப்புவதற்கென்று ஒரே ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறார்கள். சர்வதேச நோயாளிச் சுருக்கம் என்ற தரத்தில் கட்டாயமானவை மூன்றே: இருக்கும் நோய்கள், எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமைகள். ஒவ்வாமை இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால், கேட்கவில்லையா அல்லது இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.

மருந்துப் பகுதியில்தான் அதிகக் கவனம் வேண்டும். அட்டைப்பெட்டியில் உள்ள வணிகப் பெயரை எழுதாதீர்கள். மூலப்பெயரும் அளவும் எழுதுங்கள். 'அம்லோடிபின் 5 மி.கி., காலை ஒன்று' என்பது போல. வேறு வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்தை இரண்டு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்து, நோயாளி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்ததைப் பதிவறையில் உட்கார்ந்தே பலமுறை கண்டுபிடித்திருக்கிறோம். நிறுத்திய மருந்தையும் எழுதுங்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதோடு. கால் வலிக்கென்று தானாக வாங்கிப் போடும் மாத்திரையும் சேர வேண்டும். ஐபுப்ரோஃபென் வகையான வலிநிவாரணிகள் தளர்ந்த சிறுநீரகத்துக்கு ஆகாதவை, ஆனால் அவை எந்தச் சீட்டிலும் இருக்காது.

குறுந்தகட்டுக்கு வருகிறேன். வெளியே இணைக்கும் வட்டு இயக்கியை இரவல் வாங்கி, உள்ளே இருப்பதை முழுக்கோப்புறையாக அப்படியே நகலெடுங்கள். படங்களை மட்டும் பொறுக்காதீர்கள். 'டைகாம்டிர்' என்றொரு கோப்பு இருக்கும், எந்தப் படம் எங்கே என்ற அட்டவணை அதுதான். திரையில் தெரிவதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் ஸ்கேனை அனுப்பியதாகாது. சிடி ஸ்கேனில் பெரும்பாலும் நாலாயிரம் சாம்பல் படிகள் வரை இருக்கும். சாதாரணப் படத்தில் 256 தான். மருத்துவர் நுரையீரலுக்கு ஒரு விதமாகவும் எலும்புக்கு வேறு விதமாகவும் வெளிச்சத்தை மாற்றிப் பார்ப்பது மூலக் கோப்பில்தான் நடக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கிவிடும்.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2024-04-03 சிறுநீரகம் இரத்தம்'. தானாகவே காலவரிசையில் நின்றுவிடும். தவிர, 03/04 என்று எழுதினால் அதை மார்ச் 4 என்று படிக்கும் நாடும் உண்டு.

சந்தேகப்பிராணி எழுதியது:

பெயரை மறைத்து ஏற்றச் சொன்ன உங்கள் அண்ணன் மகனின் யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பெயரை மறைப்பது என்றால் எப்படி? பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால், அடியில் எழுத்து அப்படியே கிடக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். ஸ்கேன் கோப்பில் படத்தில் தெரியும் பெயரை அழித்தாலும், கோப்பின் தலைப்பகுதியில் பெயரும் பிறந்த நாளும் எழுத்தாக இருக்கும். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டாலும்கூட, 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்த மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து, வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டே, அம்மாநில ஆளுநரின் பதிவை லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துக் காட்டினார். பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஃபின்லாந்தில் ஓர் உளநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவர், 2020 இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார். வங்கி அட்டை திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். நோய் வரலாற்றை மாற்ற முடியுமா?

இன்னொன்று. 'இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்ற முறையில் பகிராதீர்கள். பெயர் குறிப்பிட்டுக் கொடுங்கள், பார்த்து முடித்ததும் அனுமதியைத் திரும்பப் பெறுங்கள். அறிக்கையின் கடவுச்சொல் அம்மாவின் பிறந்த நாளா? அப்படியானால் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் அது தெரியும்.

கடைசியாக, நீங்கள் எல்லாரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

நடுப்பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு மருத்துவமனையில் பிறந்த நாளைத் திருத்தியாகிவிட்டது. அடையாள அட்டை நகல் கேட்டார்கள், அதுவும் நேரில்.

அம்மாவிடம் கேட்டேன். "கிரியாட்டினினைக் காட்டு, சர்க்கரையைக் காட்டு, இரவில் போடும் மாத்திரையைப் பற்றி மட்டும் உன் அண்ணனிடம் மூச்சுவிடாதே" என்கிறார். அப்பா போன பிறகு மனச்சோர்வுக்காகத் தொடங்கிய மருந்து அது. தெரிந்தால் அவன் உடனே கிளம்பி வந்து நிற்பான் என்பது அவருடைய பயம். அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மருந்துப் பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டால் பட்டியலே தவறாகிவிடாதா?

பதிவறைவாசி எழுதியது:

மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பக்கத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும். அம்மாவிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணனுக்கு மருந்துப் பட்டியலே அனுப்ப வேண்டாம். அவருக்கு வேண்டியது பரிசோதனை எண்களும் அடுத்த மருத்துவச் சந்திப்பின் தேதியும். குறைத்த பட்டியலை முழுப் பட்டியல் போல அனுப்புவதுதான் ஆபத்து; அவசரத்தில் அவர் அதையே வேறொரு மருத்துவருக்கு அனுப்பிவைப்பார். எண்களுக்கு ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: தேதி, ஆய்வகம், கிரியாட்டினின், அதன் அலகு. சிறுநீரக வடிகட்டும் திறனையும் அறிக்கையில் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து, அதை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். பரவலாகப் பயன்படும் சூத்திரத்தை 2021 இல் திருத்தினார்கள். பழையதில் கணக்கிடும் ஆய்வகத்தின் எண் சற்று மாறி வரும். அதற்கும் ஒரு நள்ளிரவு அழைப்பு வந்துவிடக் கூடாது பாருங்கள்.