மார்பக அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் 5 வாரம்: காத்திருப்பதா, மருத்துவமனையை மாற்றுவதா?

கேள்வி (தண்டையார்பேட்டை)

என் தாயாருக்கு வயது 58. இடது மார்பிலுள்ள கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸி முடிவு வந்து 18 நாள்கள் ஆகின்றன. கட்டி 2.5 செ.மீ., அக்குளில் நெறிக்கட்டி தென்படவில்லை, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லை). முதலில் அறுவை, பிறகு மற்ற சிகிச்சை என்று அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சர்க்கரை 290 இருந்ததால் மயக்க மருந்து மருத்துவர் ஒப்புதல் தரவில்லை. இப்போது 35 நாள் தள்ளித் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பரவிவிடும், நகையை அடகு வைத்தாவது தனியாரிடம் போங்கள் என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அம்மா வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. குளித்துவிட்டு வந்ததும் கட்டி இருக்கும் இடத்தை ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில் 1 (ராயபுரம், ஓய்வு பெற்ற செவிலியர்)

சகோதரி, முதலில் நாள்களை எண்ணிப் பாருங்கள். 18-உம் 35-உம் சேர்ந்தால் 53. நோய் உறுதியான நாளிலிருந்து 60 நாள்களுக்குள் அறுவை நடந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவமனைகள் வைத்திருக்கும் அளவுகோல். நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள், ஆனால் இன்னொரு முறை தள்ளிப்போக இடமில்லை. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 7 வகைப் புற்றுநோய்களைப் பற்றி வந்த ஆய்வு, மார்பக அறுவை 4 வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டது. நூறில் எட்டுப் பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் அபாயம் அந்த அளவில் கூடுகிறது என்பதே பொருள்.

சர்க்கரை குறைந்தால்தான் தேதி நிற்கும், ஆகவே அறுவைப் பிரிவு வாசலில் நிற்கும் நேரத்தில் பாதியை நீரிழிவுப் பிரிவில் செலவிடுங்கள். அளவு அப்படியே இருந்தால், இன்சுலின் தொடங்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவாக இருந்து அறுவை தாமதமாகும் சூழலில், இடைக்காலத்துக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை தருவதும் உண்டு. அது உங்கள் தாயாருக்குப் பொருந்துமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 2 (திருவொற்றியூர்)

என் கருத்து வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம், நகை எதற்கு? அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பதில் 3 (பெரம்பூர்)

அட்டை விஷயம் சரிதான், ஆனால் இடம் மாறினால் வரிசையும் புதிதாகத் தொடங்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். எனக்கு நோய் தெரிந்தபோது பதறிப்போய் மருத்துவமனையை மாற்றினேன். புதிய இடத்தில், பயாப்ஸியில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் கேட்டார்கள்; பழைய இடத்தில் அவற்றைக் கடிதம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கே 11 நாள்கள் போயின. கடைசியில் தீப்பெட்டியில் பாதி அளவுள்ள அந்த மெழுகுத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு 29சி பேருந்தில் போனது இன்றும் நினைவில் இருக்கிறது. மாறுவது என்று முடிவெடுத்தால், அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, அங்கே தேதியையும் கேட்டு உறுதி செய்த பிறகே இங்குள்ள தேதியை விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு மாறவில்லை. நேற்று நீரிழிவுப் பிரிவில் இன்சுலின் தொடங்கிவிட்டார்கள். லெட்ரோசோல் பற்றிக் கேட்டேன். தேதி மீண்டும் தள்ளிப்போனால் பார்க்கலாம் என்றார் மருத்துவர். முன்பதிவு செய்த யாராவது வராமல் போனால் அந்த இடத்தைத் தருவீர்களா என்று வார்டு சகோதரியிடமும் கேட்டு வைத்தேன். அவர் அம்மாவின் கேஸ் ஷீட் மூலையில் என் எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து இரவிலும் கைப்பேசியை அணைப்பதில்லை.