சங்கிலி, புற்று, மூங்கில்: ஸ்டுடியோவில் கட்டிப் பார்த்த அனுபவங்கள்

பழைய மாணவி, சென்னை

பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) படித்தவர்களுக்கு இந்த வேலை பழகியதுதான். ஏதாவது ஒரு செமஸ்டரில், இயற்கையிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டமைப்பாக்கிக் காட்டுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். சிப்பி, இலை, தேன்கூடு, தூக்கணாங்குருவிக் கூடு, இந்த நாலிலேயே பாதி வகுப்பு அடங்கிவிடும். வரைபட ஷீட் ஒட்டி, மாடல் வைத்து, ஜூரியில், அதாவது மதிப்பிடும் குழுவின் முன்னால், கொஞ்ச நேரம் பேசினால் முடிந்தது. சில கல்லூரிகளில் மட்டும் அதை முழு அளவில் கட்டச் சொல்கிறார்கள். அப்படிக் கட்டியவர்கள், கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதுங்களேன். முதலில் என்னுடையது.

எங்கள் குழுவுக்கு வந்தது செங்கல் வளைவு. கம்பி கூடாது, சிமெண்ட் கூடாது, கனம் அரைச் செங்கல்லைத் தாண்டக் கூடாது, அகலம் இரண்டு மீட்டர். ஹார்டுவேர் கடையில் மெல்லிய சங்கிலி வாங்கினோம். ப்ளைவுட் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு ஆணியில் சங்கிலியைத் தொங்கவிட்டு, அது தொங்கிய கோட்டைப் பென்சிலால் எடுத்துக்கொண்டோம். பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் வளைவு. தொங்கும் சங்கிலியில் இருப்பது இழுவிசை மட்டும். கவிழ்த்துவிட்டால் அது அத்தனையும் அழுத்தமாகிவிடும், செங்கல்லுக்கும் அழுத்தம்தான் ஒத்துவரும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-லேயே இதைச் சொல்லிவிட்டார். பார்சிலோனா பக்கத்தில் கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி, நூல்களில் ஈயக்குண்டுப் பைகளைக் கட்டி 1:10 அளவில் ஒரு முழு மாடலையே தலைகீழாகத் தொங்கவிட்டார். 1898-ல் கைக்கு வந்த வேலை, கட்டத் தொடங்கியது 1908-ல். கடைசியில் கீழ்த்தளம் மட்டும்தான் எழும்பியது. (நம் செமஸ்டர் டெட்லைனில் கௌடிக்கு அரியர்தான்.)

கட்ட வந்த கொத்தனார் விழுப்புரம் பக்கம். பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, இது ஆர்ச் மாதிரியே இல்லியே. நடுவுல ஆணி அடிச்சு நூல் புடிச்சா ரவுண்டா அழகா வரும்." எங்கள் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, சரி, பக்கத்தில் அதையும் ஒன்று கட்டுங்கள் என்றார். அதே கனம், அதே அகலம்.

இரண்டுமே செம்மண் சேற்றில்தான். நான் கொத்தனாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லையும் கரண்டியின் பிடியால் ஒரு தட்டு. ணங்கென்று கேட்டால் வளைவுக்கு, டொக்கென்றால் ஓரமாகப் போகும். கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து வைப்பார். உள்பக்கம் கல்லும் கல்லும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும். வெளிப்பக்கம் விரிகிற இடுக்கில் சேற்றை மட்டும் அப்பாமல் செங்கல் சில்லைச் செருகிச் சுத்தியலால் இறுக்குவார். "சேறு காஞ்சா சுருங்கும், சில்லு சுருங்குமா?"

வளைவைத் தாங்கி நின்ற சென்ட்ரிங்கைப் பிரிக்கும்போது இரண்டு பக்கத்து ஆப்பையும் மாற்றி மாற்றித் தட்டினார். சங்கிலி வளைவு ஒரு நூல் அளவு இறங்கி நின்றுவிட்டது. அரைவட்டம்தான் வம்பு செய்தது. ஆப்பு தளர்ந்ததும் உச்சியில் அடிப்பக்கமும், உச்சிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் இரண்டு தோளில் வெளிப்பக்கமும் வாய் திறந்தன. சட்டென்று ஆப்பை மறுபடி ஏற்றிவிட்டார். அரைவட்ட வளைவு தன் எடையைத் தாங்கவே, ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கனம் வேண்டும். ஒரு மீட்டர் ஆரத்துக்கு அரைச் செங்கல் என்றால் சரியாக அந்த எல்லையில் போய் நிற்கிறது.

கொத்தனார் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் இரண்டு தோளிலும் செங்கல்லை அடுக்கிப் பாரம் ஏற்றிவிட்டு, ஆப்பை மறுபடி தட்டினார். நின்றது. "எங்கப்பா கமான் கட்டுறப்ப ரெண்டு பக்கமும் ஏன் ரொப்பிக்கிட்டே வருவாருன்னு இப்பதான் புரியுது" என்றார். எங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு பக்க நீளத்துக்குக் கணக்குப் போட்டு நிறுவியதும் இதைத்தான்.

ஜூரிக்குப் போகிறவன், கோவை

எனக்கு ஜூரியில் அதிகம் வந்து சேர்வது கறையான் புற்று. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரு ஷீட் இருக்கும். புற்றின் குறுக்குவெட்டு, கீழே நீல அம்பு உள்ளே போகும், மேலே சிவப்பு அம்பு வெளியே வரும், பக்கத்தில் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் ஈஸ்ட்கேட் கட்டடம். மிக் பியர்ஸ் வடிவமைத்தது, 1996-ல் திறந்தது. நல்ல கட்டடம்தான், அதில் சந்தேகமில்லை. அங்கே உண்மையில் நடப்பது, ராத்திரிக் குளிர்காற்றை மின்விசிறிகள் வைத்துத் தளங்களுக்குள் ஓட்டி, கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைச் செலவழிப்பது. பையன்கள் ஷீட்டில் "மின்சாரமே இல்லாமல்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு வருஷம் தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் ஷீட்டில் அந்த அம்புகளே இல்லை. கேட்டதற்கு, "சார், எங்க கொல்லையில இருக்கிற புத்துக்கு மேல ஓட்டையே கிடையாது. சிவப்பு அம்பு எப்படி வெளிய வரும்?" என்றாள். லீவுக்கு ஊருக்குப் போனபோது புற்றின் வெளிப்புற மடிப்புகளிலும் நடுவிலும் தெர்மாமீட்டர் செருகி, பகலிலும் ராத்திரியிலும் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். பகலில் மடிப்பு சூடு, ராத்திரியில் நடுப்பகுதி சூடு. பெங்களூர்ப் பக்கத்துப் புற்றுகளை வைத்து 2015-ல் வெளிவந்த ஆய்வும் இதையே சொல்கிறது. வெயிலில் மெல்லிய வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடேறுவதால் காற்று அவற்றில் மேலேறி நடுவில் இறங்குகிறது. ராத்திரியில் அப்படியே திசை மாறுகிறது. ஓட்டை வழியாக வீசும் காற்று அல்ல, உள்ளுக்குள்ளேயே சுற்றும் காற்று. வாயு மாறுவது சுவரின் நுண்துளைகள் வழியாக.

அவள் டிசைன் ஒரு ஹாஸ்டல். மேற்குச் சுவரில் மெல்லிய, உள்ளே கூடான விலா மடிப்புகள், நடுவில் ஒரு கனமான முற்றத்துச் சுவர். பகல் வெட்டுத்தோற்றம் ஒன்று, இரவு வெட்டுத்தோற்றம் ஒன்று, இரண்டு ஷீட். என் பக்கத்திலிருந்த ஜூரர் ஏமாற்றத்தோடு, "இது பார்க்கப் புற்று மாதிரியே இல்லையேம்மா" என்றார். "காத்து போறது அப்படித்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அதிக மார்க் வாங்கியது வேறொரு பையனுடைய, புற்று வடிவத்திலேயே இருந்த மியூசியம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலாம் ஆண்டு, நாகர்கோவில்

எங்களுக்குக் கிடைத்தது மூங்கில். ஜெர்மனியின் மான்ஹைமில் கட்டடக்கலைஞர் ஃப்ரை ஓட்டோ 1975-ல் தோட்டக் கண்காட்சிக்காகக் கட்டிய மண்டபத்தை ஸ்டுடியோவில் படித்திருந்தோம். மெல்லிய மரச்சட்டங்களைத் தரையில் சதுரக் கட்டமாகப் பரப்பி, குறுக்கே வரும் இடங்களை இணைத்து, அப்படியே மேலே தள்ளிக் குவிமாடமாக்குவது. தற்காலிகம் என்று கட்டியது இன்றும் நிற்கிறது. பாரம் தாங்குமா என்று பார்க்கக் குப்பைத்தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி அதில் தொங்கவிட்டார்களாம், எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நாங்கள் மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கி கல்லூரி மைதானத்தில் அதைச் செய்து பார்த்தோம். முடிச்சுப் போட யாருக்கும் தெரியாது. பக்கத்து சைட்டில் சாரம் கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியைக் கூப்பிட்டு வந்தோம். சவுக்குக் கம்பில் காலமெல்லாம் சாரம் கட்டியவர். முதலில் பட்டைகளை எல்லாம் புரட்டிப்போடச் சொன்னார். "தோலு வெளிய இருக்கணும் மக்கா. வளைக்கையில இழுபடுறது அந்தப் பக்கம். உள்பக்கம் சோறு, அதுக்கு என்ன பலம் இருக்கு?" ஊறவைத்த தேங்காய்நார்க் கயிற்றால் ஒரு முடிச்சு போட்டுக் காட்டினார். நாங்கள் இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் தளர்த்தச் சொன்னார். படுத்திருக்கும் சதுரம் எழும்பும்போது சாய்சதுரமாகத் திரும்ப வேண்டுமே, இறுகக் கட்டினால் எப்படித் திரும்பும் என்று கேட்டார். மான்ஹைமிலும் அதேதான் செய்தார்கள். போல்ட்டைத் தளர்வாக விட்டு, வடிவம் வந்தபிறகு முறுக்கினார்கள். அண்ணாச்சிக்கு மான்ஹைமும் தெரியாது, ஓட்டோவும் தெரியாது.

தூக்கும்போது நடுவில் கவைக்கம்பு வைத்து நாலு பேர் தள்ள, மற்றவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே நடந்து வந்தோம். கட்டமெல்லாம் கண்ணெதிரே சதுரத்திலிருந்து சாய்சதுரமாக மாறுவதைப் பார்க்க வேண்டும். விளிம்பை முளையடித்து நிறுத்தி, கடைசியாகக் குறுக்குக் கட்டு போட்டதும்தான் ஆட்டம் நின்றது. அதுவரை யார் மூச்சுவிட்டாலும் ஆடியது.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், திருச்சி

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு இன்டர்ன்ஷிப்பில் வரும் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் எல்லாருக்கும் மரம் மாதிரி தூண் வேண்டும். கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டுக் கூரையைத் தாங்கும் ஸ்டீல் தூண். ஸ்டட்கார்ட் விமான நிலையப் படத்தோடு வருவார்கள். ஓட்டோ இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கம்பளி நூல்களைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தால், ஈர நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாமாகவே கிளைவிடும். எல்லாப் புள்ளிகளையும் தொட, தனித்தனி நேர்வழிகளைவிட மொத்த நீளம் குறைந்த வழி அது. பிள்ளைகள் என் மேஜையிலேயே ஒரு கிண்ணத்தில் செய்து காட்டினார்கள், எனக்குப் பிடித்துவிட்டது.

சரி, இப்போது இந்த முடிச்சு எப்படி இருக்கும் என்று கேட்டு, ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஒரு பைப்பில் மூன்று பைப் சாய்வாக வந்து சேர வேண்டும். வெல்டர் தம்பி செய்தித்தாளைப் பைப்பில் சுற்றி, வெட்டுக் கோட்டைச் சாக்பீஸால் போட்டு, ஒவ்வொரு முனையையும் வளைந்த வாயாக வெட்டினார். முதல் இரண்டும் அழகாக உட்கார்ந்தன. மூன்றாவது வந்ததும் வெல்டிங் ராடு நுழைய இடமே இல்லை. "சார், உள்ள எப்படிப் பத்தவைக்கிறது?" என்று அவர் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கேட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்து கிளைகளின் கோணத்தை விரித்து வரைந்தார்கள். ஒரு கிளையைக் கொஞ்சம் மேலே தள்ளிவைத்தார்கள். நிஜ மரத்திலும் மூன்று கிளை ஒரே இடத்தில் கிளம்புவது குறைவுதானே என்று ஒரு பையன் சொன்னான். வெல்டர் தலையாட்டிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

என் புகார் ஒன்றுதான். இந்தப் பட்டறை வேலை சிலபஸில் இருக்க வேண்டும், இன்டர்ன்ஷிப்பில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைப்பதாக இருக்கக் கூடாது.

மெஷர்டு ட்ராயிங் குழு, ஊட்டி போனவர்கள்

சின்ன அனுபவம். தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கு, வீட்டை அளந்து வரையப் போயிருந்தோம். அரைப்பீப்பாய்க் கூரை, தவழ்ந்து நுழைகிற வாசல். வளைத்த மூங்கிலும் பிரம்பும் கட்டிய விலாக்கள் மேல் புல் வேய்ந்திருக்கும், ஓரத்தில் தனிச் சுவர் என்று ஒன்று கிடையாது. எங்கள் ஷீட்டில் "சுவர்" என்று ஒரு பட்டியல், "கூரை" என்று ஒரு பட்டியல் என நிரப்ப வேண்டியிருந்தது. அங்கிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, இது எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது, காட்டுங்கள் என்றார். எங்களால் காட்ட முடியவில்லை. ஃபார்மட்டை மாற்றிக்கொண்டோம்.

இறுதியாண்டு, மதுரை

பட்டறை வேலை சிலபஸில் இல்லை என்று திருச்சி அண்ணா சொன்னதற்கு ஒரு பதில். மாணவர் திட்டம் என்றால் ஜூரியோடு முடிய வேண்டும் என்றில்லை. வங்கதேசத்தின் ருத்ராபூர் கிராமத்தில் இருக்கும் மெட்டி பள்ளி, அன்னா ஹெரிங்கர் ஆஸ்திரியாவின் லின்ஸில் படித்தபோது செய்த டிப்ளமோ திட்டம். கீழ்த்தளம் வைக்கோல் கலந்த மண், மேல்தளம் மூங்கில். மண்ணை மாடுகளை விட்டு மிதிக்கவைத்து, அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வொரு அடுக்கும் காயத் தொடங்கியதும் கூரான மண்வெட்டியால் பக்கத்தைச் சீவிச் சமன் செய்தார்கள். 2007-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது வாங்கியது. அடியில் செங்கல் அஸ்திவாரமும், ஈரம் ஏறாமலிருக்க பாலிதீன் விரிப்பும் உண்டு. நம் கிராமத்து மண்சுவர் பலதும் இந்த இரண்டும் இல்லாமல்தான் அடியிலிருந்து கரைகிறது.

என் தீசிஸ் மூங்கிலும் மண்ணும்தான். நாகர்கோவில் நண்பரே, மூங்கிலை உளுக்காமல் இருக்க எதில் ஊறவைத்தீர்கள்? எங்கள் ஊர் மூங்கில் டிப்போவில் டீசல் தடவு என்கிறார்கள்.

நாலாம் ஆண்டு, நாகர்கோவில்

டீசல் வேண்டாம், நாற்றம் போகாது, தீப்பிடிக்கும் பயம் வேறு. போரிக் ஆசிட் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு. இரண்டும் சேர்த்து நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ. முழு மூங்கிலானால் நீளமான கம்பியால் கணுத் தடுப்புகளைக் குத்திவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஏறாது. ஒரு வாரம் பத்து நாள் ஊறட்டும், நிழலில் காயவையுங்கள். மழையில் நனைந்தால் மருந்து கரைந்து போய்விடும், அதனால் கூரை விளிம்பை நன்றாக வெளியே நீட்டிவிடுங்கள். தொட்டிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தாலே போதும்.