காசு கொடுத்து டென்னிஸ் டிப்ஸ் வாங்கலாமா?

எந்த வீரர் மீது பந்தயம் கட்டலாம் என்று சொல்லும் ஒரு டென்னிஸ் பெட்டிங் டிப்ஸ் குழுவில் சந்தா கட்டிச் சேரலாமா என்று யோசிக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 70 சதவீதம் ஜெயிக்கிறோம் என்கிறார்கள், சரி, ஆனால் பட்டியலில் பெரும்பாலும் 1.40 ஆட்ஸ்தான் (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால், போட்டதையும் சேர்த்து 1.40 ரூபாய் கிடைக்கும்), அதில் 71.4 சதவீதம் ஜெயித்தால்தானே போட்ட காசே திரும்பும்? சந்தா வேறு இருக்கிறது. அப்புறம், இலவச வாரத்தில் 1.85 என்று வந்த ஒரு டிப்ஸை இரண்டே நிமிடத்தில் திறந்து பார்த்தேன், அதற்குள் 1.70 ஆகிவிட்டது. அவர்கள் கணக்கில் மட்டும் இன்னும் 1.85 என்றே இருக்கிறது, இது எனக்குச் சரியாகப் படவில்லை. வீரர் காயத்தால் பாதியில் விலகிய மேட்சுகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. இப்படி டிப்ஸில் சொல்லும் ஆட்ஸை மேட்ச் தொடங்கும் நேரத்து ஆட்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? முடிவெடுக்க 150 டிப்ஸ் போதுமா, இன்னும் பார்க்க வேண்டுமா?